கிங்ஸ் டொமினியன் சட்டம்: பள்ளி மணியும் பூங்காவின் கதவும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1986இல் ஒரு கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அரசுப் பள்ளிகள் தொழிலாளர் தினத்துக்கு முன்பாகக் கல்வியாண்டைத் தொடங்கக் கூடாது என்பதே அதன் சாரம். அமெரிக்காவில் தொழிலாளர் தினம் மே மாதத்தில் வருவதில்லை. செப்டம்பரின் முதல் திங்கட்கிழமையே 1894 முதல் அங்குக் கூட்டாட்சி விடுமுறை நாளாக இருந்து வருகிறது. ஆக, செப்டம்பர் முதல் வாரம் வரை வர்ஜீனியாவின் பள்ளி மணி ஒலிக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது.

இச்சட்டத்தை மாநில மக்கள் பிரிவு எண்ணால் குறிப்பிடுவதில்லை. கல்வி அதிகாரிகள், செய்தியாளர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவரும் அதற்கு வழங்கிய பெயர் ‘கிங்ஸ் டொமினியன் சட்டம்’. கிங்ஸ் டொமினியன் என்பது ரிச்மண்ட் நகருக்கு வடக்கே, டாஸ்வெல் என்னும் சிற்றூரில், 95ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலையின் ஓரத்தில் 1975இல் திறக்கப்பட்ட ஒரு தீம் பார்க். ரோலர் கோஸ்டர்களுக்குப் பெயர்போன ஒரு கேளிக்கைப் பூங்காவின் பெயர் பள்ளிச் சட்டம் ஒன்றின் மீது எவ்வாறு படிந்தது? மக்கள் வழக்கு ஒரு சட்டத்துக்குச் சூட்டும் பெயர், அச்சட்டத்தால் யாருக்குப் பயன் என்று மக்கள் நினைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரின் பின்னணியைத் தேடினால் இரண்டு நாட்காட்டிகளின் வரலாறு கிடைக்கிறது: ஒன்று பள்ளியுடையது, மற்றொன்று பூங்காவுடையது.

*

1. கோடை விடுமுறை வயலில் பிறந்ததா?

அமெரிக்கக் கோடை விடுமுறை குறித்துப் பரவலாக நிலவும் நம்பிக்கை ஒன்று உண்டு. பிள்ளைகள் வயல் வேலைக்குத் தேவைப்பட்டதால் கோடையில் பள்ளிகள் மூடப்பட்டன என்பது அது. வேளாண் பருவங்களை நோக்கினாலே இதன் பலவீனம் புலப்படும். விதைப்பு வசந்த காலத்தில் நிகழ்வது. அறுவடையின் பெரும்பகுதி இலையுதிர் காலத்தில் நிகழ்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிராமப் பள்ளிகள் அவ்விரு பருவங்களிலும் மூடப்பட்டு, குளிர்காலத்திலும் கோடைகாலத்திலும் நடந்தன. நகரப் பள்ளிகளோ ஏறத்தாழ ஆண்டு முழுவதும் இயங்கின. 1840களில் டெட்ராய்ட், நியூயார்க் போன்ற நகரங்களில் பள்ளிகள் ஆண்டுக்கு 240 நாட்களுக்கு மேல் திறந்திருந்தன.

கோடை வகுப்புகளின் வரலாற்றை ஆராய்ந்து 2002இல் நூலொன்றை வெளியிட்ட கென்னத் கோல்ட், இந்த வேளாண் கதையை மறுத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர். நீண்ட கோடை விடுமுறை உருவானதற்குப் பல காரணங்கள் ஒருசேர அமைந்தன. ஓயாத படிப்பு பிள்ளைகளின் மூளையையும் உடலையும் நலிவிக்கும் என்று அக்காலக் கல்வியாளர்களும் மருத்துவர்களும் அஞ்சினர். நகரங்களின் வெப்பமும் நோய்களும் வசதி படைத்த குடும்பங்களை மலைக்கும் கடற்கரைக்கும் துரத்தின. வகுப்புகள் கோடையில் பாதி காலியாயின. ஆசிரியர் பயிற்சிக்கும் ஓர் இடைவெளி தேவைப்பட்டது. கிராமம் நாட்களைக் கூட்டியும் நகரம் நாட்களைக் குறைத்தும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 180 பள்ளி நாட்கள் என்னும் அளவுக்கு வந்து சேர்ந்தன.

அதாவது, கோடை விடுமுறை இயற்கையோ மரபோ தந்ததன்று. பலருடைய தேவைகளுக்கிடையே எட்டப்பட்ட ஓர் உடன்பாடு அது. உடன்பாடு என்றால் அதை மீண்டும் பேரம் பேச முடியும். பிற்காலத்தில் நடந்தது அதுவே.

*

2. டிராம் தடத்தின் முனையிலிருந்து நெடுஞ்சாலை ஓரத்துக்கு

தொடக்ககாலக் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் பள்ளி நாட்காட்டிக்கும் நெருங்கிய உறவு இல்லை. 1890களில் மின்சார டிராம் நிறுவனங்கள் தம் தடங்களின் கடைசி நிறுத்தங்களில் பூங்காக்களை அமைத்தன. வாரநாட்களில் தொழிலாளரை ஏற்றிச்சென்ற வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடின. பூங்கா ஒன்று இருந்தால் அன்றும் பயணிகள் வருவார்கள் என்பது கணக்கு. பிட்ஸ்பர்க் அருகே 1898இல் அமைந்த கென்னிவுட் பூங்கா இவ்வகையைச் சேர்ந்தது. நியூயார்க்கின் கோனி தீவில் 1903இல் திறக்கப்பட்ட லூனா பார்க் மின்விளக்குகளால் இரவையே விற்பனைப் பொருளாக்கியது. இப்பூங்காக்களின் நேரத்தை நிர்ணயித்தவை தொழிற்சாலையின் சங்கும் வார இறுதியும் வானிலையுமே.

1955 ஜூலையில் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டதும், 1956இல் மாநிலங்களிடை நெடுஞ்சாலைத் திட்டம் சட்டமானதும் இந்த உறவை மாற்றின. புதிய பூங்காவுக்கு வருபவர் டிராமில் வரும் தொழிலாளர் அல்லர்; காரில் வரும் குடும்பத்தினர். ஒரு குடும்பம் வாரநாளில் வெளியூர் செல்ல வேண்டுமானால் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கக் கூடாது. கோடையிலும் குளிரிலும் இதமான தெற்குக் கலிஃபோர்னியாவில் அமைந்த டிஸ்னிலேண்டே, 1985 வரை, கூட்டம் குறைந்த மாதங்களில் திங்களும் செவ்வாயும் கதவடைத்தது.

பனி விழும் மாநிலங்களில் இந்தச் சார்பு இன்னும் கடுமையானது. 1972இல் ஒஹையோவில் கிங்ஸ் ஐலண்ட், 1975இல் வர்ஜீனியாவில் கிங்ஸ் டொமினியன், அதே ஆண்டு அதே மாநிலத்தின் வில்லியம்ஸ்பர்க் நகரில் புஷ் கார்டன்ஸ் எனப் பெரும் முதலீட்டில் பூங்காக்கள் எழுந்தன. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதிகளில் மட்டும் திறப்பு. மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையான நினைவு தினத்தையொட்டி அன்றாடத் திறப்பு. தொழிலாளர் தினத்தோடு அதற்கு முடிவு. இவ்விரு திங்கட்கிழமைகளுக்கும் இடையே பெரும்பாலான ஆண்டுகளில் 98 நாட்கள். சில ஆண்டுகளில் 105. ஓராண்டுக் கடனும் பராமரிப்பும் இந்த நூறு நாட்களின் வருமானத்தை நம்பியே நின்றன.

*

3. ஒரே மணி, இரண்டு இழப்புகள்

பள்ளி திறந்தால் பூங்கா வாடிக்கையாளரை இழக்கிறது என்பது எளிதில் விளங்கும். அதே நாளில் அது பணியாளர்களையும் இழக்கிறது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. நுழைவுச்சீட்டுக் கூண்டிலும் உணவுக் கடையிலும் ரோலர் கோஸ்டர் மேடையிலும் நிற்பவர்களுள் பெரும்பகுதியினர் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள். ஆகஸ்டு மாதத்தின் நடுவில் ஒலிக்கும் ஒரு மணி, வரிசையில் நிற்கும் பத்து வயதுச் சிறுவனையும் அவனுக்கு இருக்கை வார் பூட்டிவிடும் பதினேழு வயதுப் பெண்ணையும் ஒருசேர வெளியேற்றிவிடுகிறது.

கூட்டாட்சித் தொழிலாளர் சட்டமும் இந்த நாட்காட்டியைத் தன்னுள் எழுதிவைத்திருக்கிறது. 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரநிலைச் சட்டத்தின் விதிகளின்படி, 14, 15 வயதினர் பள்ளி நாளில் 3 மணி நேரமும் பள்ளி வாரத்தில் 18 மணி நேரமுமே வேலை செய்யலாம். பள்ளி இல்லாத காலத்தில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி. மாலை 7 மணிக்கு மேல் அவர்களை வேலை வாங்கக் கூடாது. ஆனால் ஜூன் 1 முதல் தொழிலாளர் தினம் வரை இரவு 9 மணி வரை அனுமதி உண்டு. ‘கோடை’ என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் துல்லியமான சட்ட வரையறை கிடைப்பது அரிது. பள்ளிகள் ஆகஸ்டிலேயே திறக்கத் தொடங்கியபோது இவ்வரையறை தனக்குள்ளேயே முரண்பட்டது. ஆகஸ்டின் ஒரு புதன்கிழமையில் பதினைந்து வயது மாணவர் இரவு 9 மணி வரை பணியில் இருக்கலாம்; ஆனால் மொத்தம் 3 மணி நேரம் மட்டுமே. கடிகாரத்துக்கு இன்னும் கோடை, நாட்காட்டிக்குக் கோடை முடிந்துவிட்டது.

அதே சட்டத்தில் மற்றொரு பிரிவும் உண்டு. ஆண்டில் 7 மாதங்களுக்கு மேல் இயங்காத கேளிக்கை நிறுவனங்களுக்கு, கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்தும் கூடுதல் நேர ஊதியத்திலிருந்தும் விலக்குக் கோர அது இடமளிக்கிறது. வருமானம் ஆண்டின் ஒரு பாதியில் பெரிதும் குவிந்திருந்தாலும் இவ்விலக்குப் பொருந்தும். பருவகாலத் தொழில் என்னும் அடையாளம் பூங்காக்களுக்கு ஒரு சுமை மட்டுமாக இருக்கவில்லை. அதில் ஆதாயமும் இருந்தது. தம் பருவத்தை நீட்டுவதைவிடப் பள்ளியின் தொடக்கத்தைத் தள்ளிவைப்பது மலிவான வழியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

*

4. பனி திறந்த பின்கதவு

1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குச் சுற்றுலாத் துறை அளித்த ஆதரவு மறைவானதன்று. வர்ஜீனியா பீச் கடற்கரை, வில்லியம்ஸ்பர்க், பூங்காக்கள் ஆகியவற்றின் வேலைவாய்ப்பும் வரி வருவாயும் ஆகஸ்டைச் சார்ந்தவை என்பதே அத்துறையின் வாதம்.

ஆனால் வர்ஜீனியாவின் மேற்கே அப்பலேச்சிய மலைத்தொடர் இருக்கிறது. அங்குக் குளிர்காலப் பனியால் பள்ளிகள் பல நாட்கள் மூடப்படும். செப்டம்பரில் தொடங்கி, குளிர்காலத்தில் நாட்களை இழந்தால், கல்வியாண்டு ஜூன் இறுதி வரை இழுக்கும். எனவே, கடந்த 10 ஆண்டுகளில் ஏதேனும் 5 ஆண்டுகளில், சராசரியாக ஆண்டுக்கு 8 நாட்கள் கடும் வானிலை போன்ற நெருக்கடிகளால் மூடப்பட்டிருந்தால் அந்தக் கல்வி மாவட்டம் முன்கூட்டியே திறக்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. மலைநாட்டுக்காகத் திறக்கப்பட்ட இந்தப் பின்கதவு, காலப்போக்கில் வாசலைவிட அகலமாயிற்று. 2010 பிப்ரவரியின் பெரும்பனி போன்ற ஆண்டுகள், வடக்கு வர்ஜீனியாவின் பெரிய மாவட்டங்களுக்கும் தகுதியைத் தேடித்தந்தன. ஒரு கட்டத்தில் மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்கள் விலக்குப் பெற்றவையாக இருந்தன. விதி விதிவிலக்காயிற்று.

மாவட்டங்கள் ஏன் ஆகஸ்டை விரும்பின? இதற்கு விடை தேர்வு அட்டவணையில் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் கல்லூரி நிலைப் பாடங்களுக்கு நடத்தப்படும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ தேர்வுகள் நாடு முழுவதும் மே மாதத்தில் ஒரே நாட்களில் நடைபெறுகின்றன. ஆகஸ்டின் தொடக்கத்தில் வகுப்புகளைத் தொடங்கும் ஜார்ஜியா மாநில மாணவரும் செப்டம்பரில் தொடங்கும் வர்ஜீனியா மாணவரும் ஒரே வினாத்தாளை ஒரே நாளில் எழுதுகிறார்கள். முன்னவருக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் கூடுதல். 2002இல் கையொப்பமான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுத் தேர்வைக் கட்டாயமாக்கியபின் தொடக்கப் பள்ளிகளையும் இதே கவலை பற்றிக்கொண்டது. முதல் பருவத்தைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடித்துவிட்டால் விடுமுறைக்குப் பின் பழைய பாடங்களுக்குத் தேர்வு எழுத வேண்டியதில்லை என்பது மற்றொரு காரணம். வகுப்பறைகளில் குளிரூட்டி வந்தபின் வெப்பம் என்னும் பழைய தடையும் வலுவிழந்தது.

சட்டத்தின் சுமை சமமாக இறங்கவில்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும். பனி மிகுந்த மாவட்டத்தின் மாணவருக்கு ஆகஸ்டு வகுப்புகள் கிடைத்தன. பனி குறைந்த கடலோர மாவட்டத்தின் மாணவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு மாணவர் தேர்வுக்கு எத்தனை வாரங்கள் ஆயத்தமாகலாம் என்பதை அவருடைய ஊரின் பனிப்பொழிவு முடிவு செய்தது. 33 ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

*

5. குறைந்தது கோடையா, பொதுக் கோடையா?

வர்ஜீனியா தனித்த நிகழ்வு அன்று. மின்னசோட்டாவில், தொழிலாளர் தினத்தன்று நிறைவுறும் 12 நாள் மாநிலக் கண்காட்சி, பள்ளித் தொடக்கத்தைப் பிற்படுத்தும் வாதத்துக்கு நீண்டகாலம் வலுவூட்டியது. வடக்குக் கரோலினா 2004இலும், மிச்சிகன் 2005இலும், டெக்ஸஸ், ஃபுளோரிடா ஆகியவை 2006இலும் தொடக்க நாளுக்கு வரம்பு கட்டின. ஃபுளோரிடா 2015இல் அவ்வரம்பை ஆகஸ்டு 10 வரை தளர்த்தியது. மேரிலாந்தில் 2016 ஆகஸ்டில் ஆளுநர் லாரி ஹோகன், ஓஷன் சிட்டி கடற்கரை நடைபாதையில் நின்றே, பள்ளிகள் தொழிலாளர் தினத்துக்குப் பின்னரே திறக்க வேண்டும் என்ற ஆணையில் கையொப்பமிட்டார். 2019இல் சட்டமன்றம் அந்த அதிகாரத்தை மாவட்டங்களுக்கே திருப்பித் தந்தது. ஆணை பிறப்பித்த இடமே அதன் நோக்கத்தைப் பேசியது.

இந்த விவாதங்களிலெல்லாம் ‘கோடை சுருங்குகிறது’ என்னும் சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. வர்ஜீனியாவில் கல்வியாண்டு 180 நாட்கள் அல்லது 990 மணி நேரம் என்னும் அளவு மாறவில்லை. ஆகஸ்டில் தொடங்கும் பள்ளி மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ முடிந்துவிடுகிறது. இலையுதிர் கால விடுமுறை, நீண்ட குளிர்கால விடுமுறை, ஆசிரியர் பயிற்சி நாட்கள் ஆகியவை கோடையிலிருந்து சில நாட்களை எடுத்துக்கொள்வது உண்மையே. ஆயினும் பெரும்பகுதி நாட்கள் காணாமற்போகவில்லை, முன்னால் நகர்ந்திருக்கின்றன.

மெய்யாகவே குறைந்தது வேறொன்று. தெற்கே ஒரு மாவட்டம் மே இறுதியில் விடுமுறை விட்டு ஆகஸ்டின் முதல் வாரத்தில் திறக்கிறது. வடகிழக்கே ஒரு மாவட்டம் ஜூனின் மூன்றாம் வாரத்தில் விடுமுறை விட்டுச் செப்டம்பரில் திறக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு விடுமுறைதான். ஆனால் இருவருக்கும் பொதுவாக அமைவது ஜூன் இறுதியும் ஜூலையும் மட்டுமே. பல மாநிலங்களிலிருந்து விருந்தினரை எதிர்நோக்கும் பூங்காவுக்கு இந்த ஒத்திசைவே மூலதனம். அமெரிக்கப் பிள்ளைகள் இழந்தது கோடையை அன்று, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும் பொதுக் கோடையை.

*

6. கதவின் புதிய கணக்கு

ஆகஸ்டின் நடுவிலேயே உள்ளூர்ப் பள்ளிகள் திறந்தால் நூறு நாட்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாரநாள் திறப்பு பொருளற்றதாகிறது. பூங்காக்கள் அந்த நாட்களில் நேரத்தைக் குறைத்தன, மாலையிலேயே மூடின, பின்னர் வாரநாள் திறப்பையே கைவிட்டு வார இறுதிக்கு மாறின. திறந்திருக்கும் நாட்களிலும் ஆட்கள் போதாமல் சில சவாரிகளையும் கடைகளையும் மூடிவைக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

ஆட்பற்றாக்குறைக்குப் பள்ளித் தொடக்கம் மட்டுமே காரணமன்று. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் கணக்குப்படி, 16 முதல் 19 வயதினரில் ஜூலை மாதத்தில் வேலையில் இருந்தோரும் வேலை தேடியோரும் 1978இல் 72 விழுக்காடு. 2016இல் 43 விழுக்காடு. ஜூலையில் கோடை வகுப்புகளில் சேர்ந்திருப்போரின் பங்கோ இதே காலத்தில் பன்மடங்கு உயர்ந்தது. பள்ளி தன் 180 நாட்களுக்கு வெளியேயும் மாணவரின் நேரத்தைக் கோரத் தொடங்கியது. இடைவெளியை நிரப்ப, கோடையில் பணிபுரிந்து பயணம் செய்யும் பரிமாற்ற விசாவில் வரும் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களைப் பூங்காக்களும் கடற்கரை நகரங்களும் நாடின.

வருவாயின் இடைவெளியை நிரப்பியது இலையுதிர் காலம். கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973இலேயே ஹாலோவீன் பேய் இரவுகளைத் தொடங்கியிருந்தது. நீண்ட குளிர் கொண்ட ஒஹையோவின் சீடர் பாயின்ட் பூங்கா 1997இல் தன் ஹாலோவீன் வார இறுதிகளைத் தொடங்கியது. வில்லியம்ஸ்பர்க் புஷ் கார்டன்ஸ் 2009இல் கிறிஸ்துமஸ் நகரமாக உருமாறிக் குளிர்காலத்திலும் கதவைத் திறந்தது. கிங்ஸ் டொமினியன் 2018இல் அவ்வழி வந்தது. இவற்றின் நேரம் கவனிக்கத்தக்கது. வெள்ளி மாலை, சனி, ஞாயிறு. பள்ளி முடிந்தபின், இரவில். பள்ளி நாட்காட்டியை எதிர்ப்பதை விட்டு, அது விட்டுவைத்த இடுக்குகளில் பூங்கா குடியேறிற்று. நூறாண்டுகளுக்கு முன் டிராம் பூங்காக்கள் தொழிற்சாலை விட்டுவைத்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாழ்ந்ததைப் போன்றதே இது.

ஒரு வேறுபாடு உண்டு. நெடிய கோடையில் ஒரு குடும்பம் தனக்கு வாய்த்த ஏதேனுமொரு வாரநாளைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. வார இறுதிகளில் குவிந்த பருவத்தில், சனி ஞாயிறும் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு குறைகிறது. முதல் ஊதியத்தைப் பூங்காவில் பெற்று வந்த பதின்பருவத்தினருக்கும் தொடர்ச்சியான பத்து வார வேலைக்குப் பதில் சிதறிய மாலைகளே எஞ்சுகின்றன.

*

7. நான்கு நாட்கள்

2019இல் வர்ஜீனியா சட்டமன்றம் இச்சட்டத்தைத் திருத்தியது; ஆளுநர் ரால்ஃப் நார்தம் கையொப்பமிட்டார். இனி எந்த மாவட்டமும் விலக்குக் கேட்காமலேயே தொழிலாளர் தினத்துக்கு 14 நாட்கள் முன்பு வரை பள்ளியைத் திறக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: அவ்வாறு திறக்கும் பள்ளிகள் தொழிலாளர் தினத்துக்கு முந்தைய வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாட்கள் மூடியிருக்க வேண்டும். ஆகஸ்டு முழுவதையும் காக்க எழுந்த சட்டம், இறுதியில் நான்கு நாட்களைக் காத்துக்கொண்டு சமாதானமடைந்தது.

இந்த நீண்ட வழக்கில் ஒரு தரப்பு கல்வி என்றது. மறுதரப்பு வேலைவாய்ப்பு என்றது. இரண்டிலும் உண்மை இருந்தது. ஆயினும் இரு தரப்பும் பேசிக்கொண்டிருந்த பொருள் ஒன்றே: பிள்ளையின் ஆண்டில் எந்த நாள் யாருக்கு உரியது என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலும் ஆலையும் மருத்துவரும் அதைத் தீர்மானித்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூங்காவும் அதில் பங்கு கேட்டது. இன்று தேர்வு அட்டவணை பெரும்பங்கை வைத்திருக்கிறது.

‘கிங்ஸ் டொமினியன் சட்டம்’ என்ற பெயரில் இருந்த கேலி, பூங்காவின் பங்கை மக்கள் கண்டுகொண்டதன் அடையாளம். ஆகஸ்டில் திறக்கும் பள்ளிக்கு அத்தகைய கேலிப்பெயர் எதுவும் இதுவரை வழக்கில் இல்லை. அதை ‘கல்வியாண்டு’ என்றே அழைக்கிறார்கள். பெயர் பெற்ற அதிகாரத்தோடு வாதிட முடிந்தது; முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதைத் திருத்தவும் முடிந்தது.